செயலாளர் வீட்டுக் குழி

நவம்பர் 3, ஞாயிறு

கழகத்தின் களப்பயணம். தலைவர் ஆவுடையப்பன், பொருளாளர் சேவியர், நான், இன்னும் சில உறுப்பினர்கள். வழக்கம்போல ஆற்றைத் தாண்டிப் போனோம். ஒரு தோட்டத்துக் கிணற்று மேட்டில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் கை நிறையக் கிடைத்தன. தலைவர் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார். கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சேவியர் இரும்புக்கடைக்காரர். ஓடுகளைவிட அவர் கொண்டுவந்த உளுந்தவடையைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம்.

நெடுங்கரை தொல்லியல் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் தோட்டக்காரருக்கு நான் நாலு வார்த்தை சொன்னேன். எங்கே தோண்டினாலும், எது தட்டுப்பட்டாலும், கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும். அதைப் 'பானை' என்று சொல்லக் கூடாது, 'முதுமக்கள் தாழி' என்று சொல்ல வேண்டும். இறந்தவர்களை மரியாதையோடு உள்ளே வைத்துப் புதைத்த நம் முன்னோரை ஊறுகாய்க்காரர்கள் ஆக்கிவிடாதீர்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் பேசினேன்.

திரும்பும்போது தங்கதுரை கடையில் டீ. இரண்டு வருஷத்துக்கு முன் பஸ் ஸ்டாப் பக்கம் இவன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது தாழி வந்தது. ஊரே நின்று பார்த்தது. கழகம் உடனே மனுக் கொடுத்து வேலையை நிறுத்தியது. மனுவில் கையெழுத்து என்னுடையது, பேப்பரில் வந்த படமும் என்னுடையது. அன்றிலிருந்து தங்கதுரையும் அவன் மனைவி செல்லக்கனியும் அதே மனையின் ஓரத்தில் தார்ப்பாய்க் கொட்டகை போட்டு இருக்கிறார்கள். வரலாற்றுக்காகச் சிலர் கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும்.

"ஒங்க வீட்டு வேலை முடிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"டைல்ஸும் செப்டிக் டேங்கும் மட்டும் பாக்கி."

"பாத்துத் தோண்டச் சொல்லுங்க," என்றான். டீயில் சர்க்கரையே இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

குளியலறை டைல்ஸ் வந்து இறங்கியது. என் மனைவி வடிவு பச்சை கேட்டாள், கடைக்காரன் நீலம் அனுப்பியிருக்கிறான். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டைப் பற்றி முறையாக எழுதி வைக்கவில்லை. மேட்டுக் காலனியில் தலைவர் வீட்டுக்கு அடுத்த மனை. வடிவுக்கு அவள் அப்பா எழுதி வைத்தது. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவனாக இந்த ஊரில் உள்ள எல்லார் வீட்டுக்குள்ளும் போய் வந்தவன் நான். எனக்கென்று ஒன்று கட்ட ஓய்வுபெற வேண்டியிருந்தது.

வடிவுக்கு ஹாலைப் பற்றிக் கவலையில்லை, மாடியைப் பற்றிக் கவலையில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இப்போது இருக்கும் வாடகை வீட்டில் கழிப்பறை கொல்லையின் கடைசியில் இருக்கிறது. குத்தவைத்து உட்கார்ந்தால் அவளால் தானாக எழ முடியாது. நான் வெளியே நின்று இருமிக்கொண்டிருப்பேன், அவள் கூப்பிட்டதும் போய்க் கைகொடுப்பேன். மழை பெய்தால் குடையோடு. "வீட்டுக்குள்ள ஒரு வெஸ்டர்ன். வேற ஒண்ணும் நான் கேக்கல," என்று அவள் சொல்லாத நாளில்லை. வீட்டுக்காரரும் தையில் காலி செய்யச் சொல்லிவிட்டார். கொத்தனார் மாடசாமி நாளை குழி வெட்டுகிறான்.

நவம்பர் 6, புதன்

குழி பாதி வெட்டியாயிற்று. பானை ஒன்று இருக்கிறது.

மேகமூட்டம்.

நவம்பர் 7, வியாழன்

நேற்று எழுதியதைச் சற்று விளக்க வேண்டும். பானை என்றால் பானைதான். பெரியது. மாடசாமி கட்டிப்பிடித்துப் பார்த்தான், இரண்டு கையும் சேரவில்லை. கழுத்தைச் சுற்றிக் கயிறு பதித்த மாதிரி ஒரு வரி ஓடுகிறது. மேலே கவிழ்த்த மூடி. அந்தக் காலத்தில் பெரிய குடும்பங்கள், நிறைய ஊறுகாய் போட்டிருப்பார்கள்.

"அண்ணாச்சி, இது அதுல்லா?" என்றான் மாடசாமி.

"எது?"

"நீங்க பள்ளிக்கூடத்துல வந்து சொல்லுவியள்லா. எம்மவ வீட்ல வந்து ஒரே அதப்பத்தித்தான் பேச்சு."

"மண்ணத் தள்ளு," என்றேன்.

அந்த இடத்தில் தோண்டியதே தப்பு. நாளை தெற்கு ஓரத்தில் வெட்டச் சொல்லியிருக்கிறேன். வாஸ்துப்படி அது சரியில்லையாம். வாஸ்துவில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை கிடையாது.

நவம்பர் 8, வெள்ளி

மாடசாமி மகள் படிக்கும் பள்ளியில் கழகத்தின் சார்பில் சொற்பொழிவு. முன்பே ஒப்புக்கொண்டது, தப்ப முடியவில்லை. கடைசியில் கேள்வி நேரம். முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "ஒங்க வீட்ல தாழி வந்தா என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டாள்.

"முதல் ஆளாகச் சொல்லுவேன்," என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சிறுமி மட்டும் தட்டவில்லை. அப்பன் சாடை அப்படியே இருந்தது.

நவம்பர் 9, சனி

தெற்கிலும் பானை. இது கொஞ்சம் சின்னது.

நவம்பர் 10, ஞாயிறு

வயிறு சரியில்லை என்று களப்பயணத்துக்குப் போகவில்லை. மனையில் தார்ப்பாயை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தலைவர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன ஓய், ரெண்டு குழி வெட்டிருக்கீரு?"

"பாறை," என்றேன்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

வயிற்றுவலிக்காரன் சொல்வதை டாக்டர் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் கழகத்தின் ஆண்டு மலரை எடுத்துத் தலைவரின் கட்டுரையைப் படித்தேன். 'மேட்டுக் காலனியில் தாழிகள் கிடைக்காமைக்கான காரணங்கள்.' பழைய காலத்தில் ஆறு இந்தப் பக்கமாக ஓடியதென்றும், வெள்ளம் எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு போய்விட்டதென்றும், காலனி நிற்பது வெறும் வண்டல் மண் என்றும் பக்கம் பக்கமாக நிரூபித்திருக்கிறார். அச்சுப் பிழை பார்த்தவன் நான். அந்தக் கட்டுரையின்படி என் குழிகளில் இருப்பது தாழியாக இருக்கவே முடியாது. இரண்டு முறை படித்தேன். ஆறுதலாக இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

நல்ல மழை. குழிகளில் தண்ணீர் இறங்காமல் இருக்கச் சேவியர் கடையில் இன்னொரு தார்ப்பாய் வாங்கிப் போட்டேன். அது தங்கதுரை காதுக்கு எப்படிப் போனதோ.

"தார்ப்பாய் வாங்கினியளாமே. கனமானதா பாத்து வாங்குங்க அண்ணாச்சி. என்னது ரெண்டு மழைக்கே கிழிஞ்சிட்டு."

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் வடிவு, "பாறைய ஒடைக்க ஆள் எப்ப வருது?" என்று கேட்டாள். ஊரில் பாறை உடைக்கிற ஆளே இல்லை என்றேன். அது உண்மைதான்.

நவம்பர் 14, வியாழன்

காலையில் தலைவரும் சேவியரும் சேர்ந்து மனைக்கு வந்துவிட்டார்கள். தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதன்மேல் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி வைத்திருந்தேன். சேவியர் குனிந்து பார்த்தார்.

"மழையில சிமிண்டு மூடைய வெளியில வச்சிருக்கிய. அப்படி என்ன உள்ள?"

"பாறை அண்ணாச்சி. நல்ல பாறை."

"பாறைன்னா மாடசாமி எங்கடையில உளி வாங்கியிருப்பானே. ஒண்ணுமே வாங்கலியே."

நான் வானத்தைப் பார்த்தேன். தலைவர் என் தோளில் கைபோட்டார். கழகம் தொடங்கிய நாள்முதல் அவர் என்னைத் தொட்டதில்லை. "வாரும் ஓய், வீட்ல காப்பி குடிப்போம்," என்றார்.

தலைவர் வீட்டு முன்வாசலில் துளசி மாடம் இருக்கிறது. காலனியிலேயே பெரியது, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அதற்கு முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றினார். எதற்கென்று தெரியாமல் நானும் கழற்றினேன்.

"இதுக்குக் கீழ ஒருத்தர் இருக்காரு," என்றார் தலைவர்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"வீடு கட்டும்போதே வந்துட்டாரு. என்ன செய்யச் சொல்லுதீரு? மகளுக்குக் கல்யாணம் வச்சாச்சு, பந்தல் போட வாசல் வேணும். வெளிய சொன்னா வேலையை நிறுத்திருவான். அப்படியே மூடி, மேல மாடத்தக் கட்டி, தெனமும் வெளக்கேத்துதோம். ஒரு கொறையும் வைக்கல."

"எங்க வீட்ல கார் நிக்கித எடத்துல ரெண்டு பேரு," என்றார் சேவியர். "கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி பொருத்தி வைப்போம். காருக்குக் கீழ எதுக்குத் தாத்தா மெழுகுதிரின்னு பேரப்பிள்ளைய கேக்கும்."

பிறகு ஒவ்வொரு உறுப்பினர் பெயராகச் சொன்னார்கள். ஒருவருக்கு மாடிப்படிக்குக் கீழே. ஒருவருக்குத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே. ஒருவருக்குப் பூஜை அறைக்குக் கீழேயே. கழகத்தில் என்னைத் தவிர எல்லோரும் காலனியில் வீடு கட்டியவர்கள் என்பது எனக்குத் தெரியும். அது தற்செயல் என்று நினைத்திருந்தேன்.

"வெளியூர்க்காரன் எவனாவது வந்து ஒரு கழகம் ஆரம்பிச்சு, காலனியச் சுத்தித் தேட ஆரம்பிச்சான்னா என்னத்துக்கு ஆவும்?" என்றார் தலைவர். "வீட்டையே தோண்டிப்புடுவான். அதான் நாமளே ஆரம்பிச்சிட்டோம்."

"அப்ப அந்தக் கட்டுரை?"

"அத எழுத எனக்கு ஒரு வருஷம் ஆச்சு ஓய். உள்ளத எழுதணும்னா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். கேட்டுவிட்டேன். "அப்ப என்னை எதுக்குச் செயலாளரா போட்டீங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேவியர்தான் சொன்னார். "மனுவுல கையெழுத்துப் போடுதவன் வீட்ட நாளைக்கு எவனாவது வந்து பாத்தான்னா சங்கடம்லா. ஒங்களுக்கு அப்ப வீடே இல்லியே."

குளத்து மதகுகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்று காலைவரை நினைத்திருந்தேன். அதைப் பற்றிக் கேட்டேன். தலைவர் அப்படியொரு கட்டுரை வந்ததா என்றார்.

"போனதெல்லாம் போகட்டும். இப்பதான் நீரும் நம்மள்ல ஒருத்தர்," என்று காப்பியைக் கையில் கொடுத்தார். காப்பி நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நவம்பர் 15, வெள்ளி

கோபமாக இருக்கிறது. யார்மேல் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

களப்பயணம். ஆற்றைத் தாண்டித்தான். எல்லோரும் என்னிடம் ரொம்பப் பிரியமாக இருந்தார்கள். முதல் வடையை எனக்குக் கொடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்காரர் என்னைத் தனியாக அழைத்துப்போய், மூடியை உடைக்காமல் மேலே கான்கிரீட் போடுவது எப்படி என்று விளக்கினார். ஈரமண் போட்டு, மணல் போட்டு, பிறகு கம்பி. கழகத்தில் இவ்வளவு தொழில்நுட்ப அறிவு இருப்பது எனக்குத் தெரியாது.

சேவியர் நாளைக்கே கம்பியும் ஜல்லியும் அனுப்புகிறேன் என்றார். இரண்டு குழியையும் மூடிவிட்டு, செப்டிக் டேங்கைத் தரைக்கு மேலே கட்டிவிடலாம். தையில் வடிவு வெஸ்டர்னில் உட்காருவாள். ஒரு மனுஷன் வேறென்ன செய்ய முடியும்?

நவம்பர் 19, செவ்வாய்

மாடசாமி நாளை கான்கிரீட் போடுவதாக இருந்தது. நான் கம்பி எண்ணிப் பார்க்கச் சேவியர் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வடிவு மனையில் இருக்கிறாள். டைல்ஸ் பார்க்க ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். தார்ப்பாய் ஒரு பக்கம் விலகியிருந்தது. அவள் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க இது?" என்றாள்.

"ஊறுகாய்ப் பானை," என்றேன்.

"ஊறுகாய்க்குப் பல்லு இருக்குமா?"

கையை விரித்துக் காட்டினாள். கடைவாய்ப்பல். மாடசாமியின் கடப்பாரை மூடியின் ஓரத்தில் பட்ட இடத்திலிருந்து மண்ணோடு விழுந்திருக்கிறது.

கத்தியிருந்தாள் என்றால் சமாளித்திருப்பேன். அவள் கத்தவில்லை. என் சொற்பொழிவுகளையெல்லாம் நான் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கும்போது அடுக்களையிலிருந்து கேட்டவள். தாழி எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துளசி மாடத்துக்கு லேசாகச் சிரித்தாள். காருக்குக் கீழே மெழுகுதிரி என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னை ஏன் செயலாளர் ஆக்கினார்கள் என்பதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "செல்லக்கனி ரெண்டு வருஷமா அந்தத் தார்ப்பாய்க்குள்ள நின்னுதான் குளிக்கா. ரோட்ல லாரி போனா அது தூக்கும். ஒரு கையால அதப் புடிச்சுக்கிட்டு ஒரு கையால தண்ணி ஊத்திக்கிடுவா. பஸ்ஸுக்கு நிக்கும்போது நானே பாத்திருக்கேன். நீங்க போட்ட கையெழுத்துதான அது? இப்ப எம் மனையில இத மூடிட்டு, நான் மேல ஏறி உக்காரணுமோ?"

"ஒனக்குக் கால்..." என்று இழுத்தேன்.

"காலு எனக்குத்தான வலிக்கு."

வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

"போன் போட்டுச் சொல்லுங்க," என்றாள். "ஆனா ஒண்ணு. வாறவங்க மொதல்ல தங்கதுரை எடத்த முடிச்சுக் குடுக்கட்டும். பொறவு நம்மது."

"அப்ப நமக்குச் சித்திரை ஆயிரும். தையில வீட்டக் காலி பண்ணணும். நீ எங்க போவ?"

"அத நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். எப்படி என்று சொல்லவில்லை. பல்லை இலையில் பொதிந்து குழி ஓரத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு வந்தோம்.

நவம்பர் 20, புதன்

தொல்லியல் அலுவலருக்குப் போன் செய்து தகவல் சொன்னேன். நீண்ட யோசனைக்குப் பின், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழுக்க என் மனசாட்சிப்படி எடுத்த முடிவு. பேசி முடிக்கும்வரை வடிவு பக்கத்தில் நின்றிருந்தாள்.

மாடசாமியை வேலைக்கு வர வேண்டாம் என்றேன். "எம்மவகிட்ட சொல்லுதேன் அண்ணாச்சி," என்றான்.

நவம்பர் 24, ஞாயிறு

களப்பயணம் இல்லை. தலைவர் வீட்டில் அவசரக் கூட்டம். என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். இரக்கமில்லையா, நன்றியில்லையா, வடை தின்ற வாய்தானா என்றெல்லாம். கட்டுரை எழுதின பிறகு நான் எந்த முகத்தோடு வெளியே போவேன் என்று தலைவர் கண் கலங்கினார். அதுதான் அவருடைய பெரிய கவலை என்று தெரிந்தது. அவர் பெயர் போட்டு நூலகத்திலெல்லாம் அந்த மலர் இருக்கிறது.

"நான் எங்க வீட்டுக் குழியத்தான் சொன்னேன். உங்க யாரைப் பத்தியும் வாயத் திறக்க மாட்டேன்," என்று உறுதி கொடுத்தேன்.

"வீட்டம்மா?" என்றார் சேவியர்.

அவளுக்கு நான் எப்படி உறுதி கொடுக்க முடியும் என்றேன். கூட்டம் அதோடு கலைந்தது. வடை வரவே இல்லை.

டிசம்பர் 4, புதன்

தொல்லியல் அலுவலர் வந்தார். தாமரைச்செல்வி என்று பெயர், சின்ன வயது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, தாழியின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு சார். சொந்த வீட்டுக்குழியில வந்ததை நீங்களே கூப்பிட்டுச் சொன்னது பெரிய விஷயம்," என்றார். நான் அடக்கமாக நின்றேன். மதிலுக்கு மேலே தலைவரின் தலை தெரிந்தது.

வடிவு கேட்டாள். "தங்கதுரை எடம் மட்டும் ஏன் மேடம் ரெண்டு வருஷமா அப்படியே கெடக்கு?"

"எங்களுக்குச் சுத்துவட்டார வரைபடம் வேணும்மா. வேற எங்கெல்லாம் தாழி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் குழி எங்க போடணும்னு முடிவு செய்யலாம். உங்க கழகம் வரைஞ்சு தர்றதா ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினோம். வரவே இல்லை."

வரைபடத்தை நான் அந்த வருஷமே வரைந்து தலைவரிடம் கையெழுத்துக்குக் கொடுத்துவிட்டேன். நான், வடிவு, அலுவலர் மூவரும் மதிலைப் பார்த்தோம். தலைவர் வேறெங்கோ பார்த்தார். அங்கே குழி போட வந்தால் அடுத்து காலனிக்குள் வருவார்கள் என்று அந்த ஒற்றைக் காகிதத்தை அவர் எங்கேயோ செருகி வைத்துவிட்டார். அதற்காக ஒரு குடும்பம் இரண்டு மழைக்காலம் தார்ப்பாய்க்குள் இருந்திருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. கொடுத்த பிறகு நான் ஏன் ஒருமுறைகூட விசாரிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"பக்கத்து வீடுகள்ல எதுவும் கிடைச்சிருக்கா சார்?" என்று கேட்டார் அலுவலர்.

நான் வாக்குக் கொடுத்தவன். "தலைவர் இதப்பத்தி ஒரு கட்டுரையே எழுதியிருக்கார் மேடம்," என்றேன்.

மதிலுக்கு மேலே தலைவர் இருமினார்.

"மேடம், தலைவர் வீட்டுத் துளசி மாடத்த நீங்க அவசியம் பாக்கணும்," என்றாள் வடிவு. "அவ்வளவு பெரிய மாடம் இந்தச் சுத்துப்பட்டுலயே கெடையாது."

"அதுல பாக்க என்ன இருக்கு, சும்மா துளசிதான்," என்றார் தலைவர். குரல் கீச்சென்று வந்தது.

"அது இருக்கட்டும் மேடம். நீங்க தோண்டி முடிக்கித வரைக்கும் நாங்க இங்க கக்கூஸ் கட்ட முடியாதுல்லா? தையில குடி வந்தாகணும். எனக்கு முட்டு ரெண்டும் தேஞ்சு கெடக்கு. எங்க போகன்னுதான் தெரியல." இதை அலுவலரிடம் சொன்னாள். பார்வை மட்டும் மதிலை விட்டு நகரவில்லை.

தலைவர் படித்தவர், சீக்கிரம் புரிந்துகொண்டார். "நம்ம வீடு எதுக்கு இருக்கு? வெஸ்டர்னே இருக்கு. எப்ப வேணும்னாலும் வரலாம்."

"ஒங்களுக்குத் தொந்தரவா இருக்குமே அண்ணாச்சி."

"ஒரு தொந்தரவும் இல்லம்மா."

"சித்திரை வரைக்கும் ஆவுமே."

"ஆவட்டும்," என்றார் தலைவர்.

அலுவலர் நெகிழ்ந்து போனார். இப்படி ஒரு அக்கம்பக்கத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். மாடத்தைப் பார்க்க இன்று நேரமில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். "கண்டிப்பா வரணும்," என்று வடிவு வண்டிவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

வரைபடம் அகப்பட்டுவிட்டது. தலைவரின் அலமாரியில், ஊர்வனவற்றைப் பற்றிய புத்தகத்துக்குள் இருந்ததாம். கையெழுத்துப் போட்டு அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பொங்கல் கழிந்ததும் முதலில் தங்கதுரை மனையில் வேலை தொடங்குகிறார்கள்.

கடைக்குப் போய்ச் சொன்னேன். தங்கதுரை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் ஆற்றினான்.

"ஒங்க வீட்லயும் வந்துட்டாமே. பானையா அண்ணாச்சி, தாழியா?"

"தாழி," என்றேன்.

டிசம்பர் 21, சனி

மார்கழிக் குளிர். கொல்லையில் இருமிக்கொண்டு நின்றதில் உண்மையாகவே இருமல் பிடித்துவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

புதுவீட்டில் பால் காய்ச்சினோம். வீட்டில் எல்லாம் இருக்கிறது, கழிப்பறையும் குளியலறைத் தண்ணீர் போக வழியும் மட்டும் இல்லை. கதவைத் திறந்தால் நீல டைல்ஸ் பளபளவென்று வெறுமையாகக் கிடக்கிறது. வடிவு வந்தவர்களுக்கெல்லாம் அதைத் திறந்து காட்டினாள். கழக உறுப்பினர்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம். வடிவு ஒவ்வொருவரிடமும் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டாள். மாடிப்படிக்காரர் அதற்கே வியர்த்துப் போனார்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் வடிவு தலைவர் வீட்டுக்குப் போனாள். நான் பழக்கத்தில் வெளியே போய் நின்று இருமினேன். தேவையில்லை என்பது பிறகுதான் உறைத்தது. தானாக எழுந்து, தானாக நடந்து வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எத்தனையோ காலமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

"பக்கத்துல கைப்பிடி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னு சொன்னேன். இன்னிக்கே வச்சிருதோம்னு சொல்லிட்டாவ," என்றாள். மதியம் சேவியர் கடையிலிருந்து கம்பி வந்தது.

ஜனவரி 22, புதன்

தங்கதுரை மனையில் குழி போட வேண்டியிருப்பதால் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். வீடு எழும்பும்வரை எங்கே போவார்கள்? வடிவு இருவரையும் சாமான்களோடு நம் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. எப்படியும் அவள் மனை.

சற்று நேரத்தில் செல்லக்கனி சோப்பு டப்பாவும் துண்டுமாகத் தயங்கித் தயங்கி நிற்க, வடிவு அவள் கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்கு அழைத்துப்போனாள். நானும் பின்னால் போனேன். தலைவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இவங்களும் வாராங்க அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் நெனைக்க மாட்டிய," என்றாள் வடிவு.

தலைவர் துளசி மாடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வரட்டும், வரட்டும்," என்றார்.

உள்ளே செல்லக்கனி குளிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது வடிவு யோசனையாகவே வந்தாள். "குழி வேலைக்கு வந்திருக்க பொம்பளையாளுக ஏழெட்டுப் பேரு. பாவம், ஒதுங்க எடமில்லாம ஆத்தங்கரைக்குப் போறாவ. எல்லாருக்கும் தலைவர் வீட்டு ஒண்ணு காணாது," என்றாள்.

"காணாதுதான்," என்றேன்.

"சேவியரண்ணாச்சி வீட்ல ரெண்டு கக்கூஸாம்லா?"

"ஆமா. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு."

சேலையைச் சரிசெய்துகொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக அந்தத் தெருப்பக்கம் திரும்பினாள். கூட வரவா என்று கேட்டேன். வேண்டாம், அவரு காரு நிக்கித எடத்துல நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துருதேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.